தானாக ஓவர்கிளாக் ஆகும் பிராசசர், சொன்னபடி ஓடாத ஃபேன்: கோளாறு பார்க்கும் முறை

கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் சீறுகிறது. நேற்று வைத்த செட்டிங்கை இன்று காணோம். பிராசசரைத் தானாக ஓவர்கிளாக் செய்யும் (அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும்) வசதியையும் ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளையும் முதன்முதலாகப் போட்டவர்களுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் இவைதான். பலர் உடனே கூலரை மாற்றுகிறார்கள், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறார்கள், விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார்கள். பணமும் நேரமும் போன பிறகும் தொல்லை அப்படியே இருக்கும். ஏனென்றால் பல சமயம் பாகம் எதுவும் கெட்டிருக்காது. ஒரே ஃபேனுக்கும் ஒரே பிராசசருக்கும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து உத்தரவு போய்க்கொண்டிருக்கும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 ஓடும் மேசைக் கணினிகளுக்கு. லேப்டாப்பில் ஃபேனையும் வோல்டேஜையும் தயாரிப்பாளரே பூட்டி வைத்திருப்பதால் இதில் பாதி அங்கே செல்லாது.

உத்தரவு எங்கிருந்து போகிறது

மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்றொரு சின்ன சிப் இருக்கிறது. பெரும்பாலும் நுவோட்டான் அல்லது ஐடிஇ தயாரிப்பாக இருக்கும். ஃபேனின் சுற்றுகளை எண்ணுவது, அதன் வேகத்தை மாற்றுவது, வோல்டேஜ் அளப்பது எல்லாம் இதன் வேலை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டில் பதித்த மென்பொருள்) ஓர் அட்டவணையை இந்தச் சிப்பில் எழுதிவிடுகிறது: இத்தனை டிகிரிக்கு இத்தனை சதவீத வேகம் என்று. அதன்பிறகு விண்டோஸின் உதவி இல்லாமலே சிப் ஃபேனைப் பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸில் ஓடும் ஃபேன் மென்பொருள் இந்த அட்டவணையை நிறுத்திவிட்டு, சிப்பைக் கைமுறைக்கு மாற்றி, நொடிக்கு நொடி தானே சதவீதம் சொல்லத் தொடங்கும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மென்பொருளை முறையாக மூடினால் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். அது கிராஷ் ஆனாலோ, டாஸ்க் மேனேஜரில் என்ட் டாஸ்க் கொடுத்தாலோ, சிப் கடைசியாகக் கேட்ட சதவீதத்திலேயே நின்றுவிடும். 30 சதவீதத்தில் நின்ற ஃபேனோடு கேம் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் பிராசசர் வெப்ப எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு மென்பொருட்கள் சேர்ந்தால் இன்னொரு சிக்கல் வரும். சூப்பர் ஐஓ சிப்பிடம் ஒரு மதிப்பைக் கேட்க இரண்டு படிகள் உண்டு. முதல் போர்ட்டில் "எனக்கு எத்தனையாவது பதிவேடு வேண்டும்" என்று எழுத வேண்டும். இரண்டாவது போர்ட்டில் அதன் மதிப்பைப் படிக்க வேண்டும். ஒரு மென்பொருள் எண்ணை எழுதிவிட்டுப் படிக்கப் போகும் இடைவெளியில் இன்னொன்று நுழைந்து வேறு எண்ணை எழுதினால், முதலாவது வெப்பநிலை கேட்ட இடத்தில் வேறெதோ எண்ணைப் படிக்கும். உடனே 127 டிகிரி என்று திரையில் ஒரு நொடி மின்னும், ஃபேன் முழு வேகத்தில் ஊளையிடும், அடுத்த நொடி அடங்கிவிடும். பொதுப் பூட்டு ஒன்றை வைத்து முறை வைத்துப் படிக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன; அந்தப் பூட்டை மதிக்காதவையும் இருக்கின்றன. காரணமில்லாமல் ஒரு நொடி பாய்ந்து அடங்கும் ஃபேனைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வேகத்துக்கும் இதே கதைதான். பயாஸில் மதர்போர்டு கம்பெனியின் மெனு ஒன்று, ஏஎம்டி போர்டுகளில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற தனி மெனு ஒன்று, விண்டோஸில் ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களுக்கான ரைசன் மாஸ்டர் அல்லது இன்டெலுக்கான எக்ஸ்டியூ, அதோடு மதர்போர்டு கம்பெனியின் சொந்த மென்பொருள். நான்கு இடத்திலும் ஒரே பெயருள்ள செட்டிங் இருக்கும். ஒன்றில் அணைத்தது மற்றொன்றில் ஆனிலேயே இருக்கும்.

உங்கள் பாகங்கள் ஒத்துழைக்குமா

இதைப் பார்க்காமல் தொடங்கி நாட்கணக்கில் மல்லாடுபவர்கள் உண்டு. இன்டெலில் பெயரின் கடைசியில் கே, கேஎஃப் அல்லது கேஎஸ் இருந்தால்தான் பெருக்கியை (அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்கி வேகம் ஆக்குவது என்ற எண்) கூட்ட முடியும். மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். மற்ற பிராசசர்களில் எக்ஸ்டியூ திறந்தாலும் பெருக்கி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அது கோளாறு அல்ல. ஏஎம்டியில் பி, எக்ஸ் வரிசை போர்டுகள் போதும். ஏ320, ஏ520 போர்டுகளில் ஓவர்கிளாக்குக்கு இடமில்லை. ரைசன் 7 5800எக்ஸ்3டி பூட்டப்பட்டது. 7800எக்ஸ்3டியில் பெருக்கி பூட்டியிருக்கும், ஆனால் கர்வ் ஆப்டிமைசர் (ஒவ்வொரு வேகத்துக்கும் பிராசசர் கேட்கும் வோல்டேஜைக் குறைக்கும் வசதி) வேலை செய்யும். 9800எக்ஸ்3டி முழுக்கத் திறந்தது.

கூலரும் பார்க்க வேண்டியதே. பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் 65 வாட் பிராசசருக்காகச் செய்தது. அதை வைத்துக்கொண்டு பிபிஓவை (மின்சார எல்லையை உயர்த்தி ரைசனைத் தானாக வேகம் கூட்டவிடும் ஏஎம்டி வசதி) ஆன் செய்தால் சத்தம் கூடும், வேகம் கூடாது. இன்னொன்றும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: பிபிஓ உட்பட எந்த ஓவர்கிளாக்குக்கும் வாரண்டி பொருந்தாது என்று ஏஎம்டியே எழுதி வைத்திருக்கிறது.

முதல் வேலை: எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது

தொல்லை வந்த செட்டிங்கின் மேலேயே ஒன்று ஒன்றாக மாற்றிப் பார்ப்பது இருட்டில் ஊசி தேடுவது. முதலில் எதுவும் கூட்டாத நிலையில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிய வேண்டும்.

பயாஸில் கைவைக்கும் முன் விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸை அழித்த பிறகோ அப்டேட் செய்த பிறகோ விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். அப்போது சாவி கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது அத்தனையும் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும்.

1. விண்டோஸில் ரைசன் மாஸ்டர், எக்ஸ்டியூ, மதர்போர்டு மென்பொருள் எல்லாவற்றிலும் டிஃபால்ட் கொடுத்து அப்ளை செய்யுங்கள். இவற்றை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டால், அவை எழுதிவைத்த மாற்றங்கள் பின்னால் தங்கிவிட வாய்ப்புண்டு. ஆகவே டிஃபால்ட் முதலில், அன்இன்ஸ்டால் பிறகு.

2. ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய், லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் கொடுங்கள்.

3. பயாஸுக்குள்ளேயே போக முடியவில்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் சிமாஸை (பயாஸ் செட்டிங்குகள் தங்கும் நினைவகம்) அழியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். மிச்சம் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு மதர்போர்டில் சிஎல்ஆர்டிசி அல்லது ஜேபேட்1 போன்ற பெயர் போட்ட இரண்டு முள்ளை ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து நொடி தொட்டு வையுங்கள். முள் கண்ணில் படவில்லையென்றால் வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

சிமாஸ் அழித்த பிறகு ஏஎம்5 (ரைசன் 7000 முதல் வரும் சாக்கெட்; அதற்கு முந்தையது ஏஎம்4) போர்டில் முதல் தடவை ஆன் செய்தால் பல நிமிடம் திரையில் எதுவும் வராமல் இருக்கலாம். மெமரியைப் புதிதாகப் பழக்கப்படுத்திக்கொள்கிறது. பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இந்த நிலையில் ஒரு முழு நாள் பயன்படுத்துங்கள். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால் ஓவர்கிளாக்கைக் குறைசொல்ல முடியாது. ரேம், எஸ்எம்பிஎஸ், தளர்ந்த வயர், காய்ந்த தெர்மல் பேஸ்ட் என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும். ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ கூட ஓவர்கிளாக்தான் என்பதை மறக்காதீர்கள். தானியங்கி ஓவர்கிளாக்கை ஆன் செய்யும்போது சில போர்டுகள் அதையும் சேர்த்தே ஆன் செய்துவிடும். பிறகு ரேம் செய்த தவறுக்குப் பிராசசர் பழி சுமக்கும்.

இரண்டாவது வேலை: ஒரே ஒருவரிடம் பொறுப்பு

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியையும், சர்வீசஸ் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஆர்மரி கிரேட், ஏஐ சூட் 3, எம்எஸ்ஐ சென்டர், ஜிகாபைட் கன்ட்ரோல் சென்டர், ஈசிடியூன், ஏ-டியூனிங், ஸ்பீட்ஃபேன், ஃபேன்கன்ட்ரோல், எச்டபிள்யூஇன்ஃபோ, கூலர் கம்பெனியின் ஆர்ஜிபி மென்பொருள் என்று எவையெல்லாம் இருக்கின்றன என எழுதுங்கள். ஃபேனைத் தொடக்கூடியது ஒன்றே ஒன்று மிஞ்ச வேண்டும்.

எதை வைப்பது? அட்டவணை ஒன்றை வைத்துவிட்டு மறந்துவிட விரும்புபவர்களுக்குப் பயாஸின் சொந்த ஃபேன் பக்கமே சிறந்தது. விண்டோஸ் கிராஷ் ஆனாலும் அது ஓடும். கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தைப் பார்த்து கேபினெட் ஃபேன் ஓட வேண்டும் என்றால் மட்டும் விண்டோஸ் மென்பொருள் தேவை, அதற்கு இலவசமான ஃபேன்கன்ட்ரோல் போதும். மதர்போர்டு கம்பெனியின் பெரிய தொகுப்பு மென்பொருளை ஃபேனுக்காக மட்டும் வைத்திருக்கத் தேவையே இல்லை.

அன்இன்ஸ்டால் செய்தது மறுநாள் மறுபடி வந்து நிற்கிறதா? பயாஸிலிருந்தே அது இறங்குகிறது. ஏசூஸ் போர்டில் டூல் மெனுவில் ஆர்மரி கிரேட் இறக்கி நிறுவும் தேர்வு இருக்கும். ஜிகாபைட்டில் யுடிலிட்டீஸ் டவுன்லோடர். எம்எஸ்ஐயில் டிரைவர் யுடிலிட்டி இன்ஸ்டாலர். அணைத்துவிட்டுத்தான் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். சிமாஸ் அழித்தாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ இது மறுபடி ஆன் ஆகிவிடும்.

ஃபேன் தொல்லைகள்

எப்போதும் முழு வேகம். கேபினெட்டைத் திறந்து ஃபேன் வயரின் முனையைப் பாருங்கள். மூன்று ஓட்டையா, நான்கு ஓட்டையா? மூன்று முள் ஃபேனின் வேகம் வோல்டேஜைக் குறைத்தால்தான் குறையும். நான்கு முள் ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட் போகும்; நான்காவது வயரில் வரும் 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வேகத்தைச் சொல்லும். மதர்போர்டின் நான்கு முள் இடத்தில் மூன்று முள் பிளக்கும் கச்சிதமாக உட்காரும், அதனால்தான் குழப்பம். மூன்று முள் ஃபேன் செருகிய இடம் பயாஸில் பிடபிள்யூஎம் (துடிப்பு முறை) என்று இருந்தால் ஃபேன் 12 வோல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை டிசிக்கு (வோல்டேஜ் முறை) மாற்றினால் அடங்கிவிடும். நான்கு முள் ஃபேனை டிசியில் வைத்தால் குறைந்த வேகத்தில் தடுமாறும் அல்லது நின்றே போகும். ஆட்டோ என்றிருப்பதை நம்பாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். பம்ப் என்று பெயர் போட்ட இடத்தில் செருகியிருந்தாலும் முழு வேகம்தான், அது தண்ணீர் கூலர் பம்புக்காக அப்படி வைத்தது.

சீறி அடங்கும் ஃபேன். புதிதாக ரைசன் வாங்கியவர்களின் முதல் புகார் இதுதான். ஃபைல் ஒன்றைத் திறக்கிறீர்கள். ஒரு கோர் (பிராசசருக்குள் உள்ள கணக்கிடும் பகுதிகளில் ஒன்று) மட்டும் ஒரு கணம் 4.6 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. வெப்பம் 42லிருந்து 57க்கு ஏறி இரண்டே நொடியில் 44க்கு இறங்குகிறது. கடுகளவு சிலிக்கானில் நடக்கும் இந்த ஏற்றத்தில் ஹீட்சிங்க் சூடாகவே தொடங்கியிருக்காது. அதன் மேல் காற்றை அடித்து ஒரு பயனும் இல்லை. ஆகவே அட்டவணையின் தொடக்கத்தைத் தட்டையாக வையுங்கள்: 60 டிகிரி வரை 30 சதவீதம், 70க்கு 50, 78க்கு 75, 85க்கு 100. அதோடு ஏறுவதற்கு 3 நொடி, இறங்குவதற்கு 8 நொடி தாமதமும், 4 டிகிரி ஹிஸ்டெரிசிஸும் கொடுங்கள். அதாவது 4 டிகிரிக்குக் குறைவான அசைவை ஃபேன் கண்டுகொள்ளாது. பயாஸில் இதையே ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன், ஸ்மூதிங் என்று வெவ்வேறு பெயரில் வைத்திருப்பார்கள். தண்ணீர் கூலரில் ரேடியேட்டர் ஃபேனைத் தண்ணீரின் வெப்பத்தோடு இணைக்க முடிந்தால் அதுவே நல்லது. பம்பை எப்போதும் ஒரே வேகத்தில் விடுங்கள்.

எஃப்1 அழுத்தச் சொல்லும் திரை. சிபியு ஃபேன் எரர் என்று வந்தால் ஃபேன் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சிபியு ஃபேன் இடத்தில் சுற்று எண்ணிக்கை வரவில்லை, அல்லது வரம்புக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் பொருள். மெதுவாக ஓடும் பெரிய ஃபேன் 500 சுற்றில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், வரம்பு 600 என்றிருக்கும். ஏசூஸ் பயாஸில் இந்த வரம்பை 200 வரை இறக்கலாம். இக்னோர் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஃபேன் உண்மையில் நிற்கும் நாளில் எச்சரிக்கை வராது.

மாயமாகும் எண்கள். ஒய் வயர் போட்டு இரண்டு ஃபேனை ஒரே இடத்தில் செருகினால், ஒன்றிலிருந்து மட்டும்தான் சுற்று எண்ணிக்கை வயர் போக வேண்டும். இரண்டும் போனால் 2,700, 400, 3,900 என்று அபத்தமான எண்கள் வரும். பெரும்பாலான இடங்கள் 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், கூட்டிப் பாருங்கள். தாண்டினால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சாட்டா பவர் எடுக்கும் ஹப் வாங்குங்கள்.

மென்பொருளில் ஃபேனே தெரியவில்லை, அல்லது ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்கிறது. பல கண்காணிப்பு மென்பொருட்கள் வின்ரிங்0 என்ற பழைய டிரைவர் வழியாக வன்பொருளைத் தொட்டன. அதில் உண்மையான பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. ஒரே நாளில் பலருடைய ஃபேன் அட்டவணைகள் வேலை செய்யாமல் போயின. டிஃபெண்டரில் விதிவிலக்கு கொடுப்பதோ, கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டக்ரிட்டியை அணைப்பதோ தவறான வழி. ஃபேன்கன்ட்ரோலும் லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டரும் பான்ஐஓ என்ற வேறு டிரைவருக்கு மாறிவிட்டன. புதிய பதிப்பை நிறுவினால் தீர்ந்தது. ஸ்பீட்ஃபேன் புதுப்பிக்கப்படுவது எப்போதோ நின்றுவிட்டது, புதிய போர்டில் அதைப் போட வேண்டாம்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் அட்டவணை மறந்துபோகிறது. தூக்கத்திலிருந்து எழும்போது பயாஸ் சூப்பர் ஐஓ சிப்பைப் புதிதாகத் தயார் செய்யும். மென்பொருளோ பழைய நிலையே தொடர்வதாக நினைத்துக்கொண்டிருக்கும். மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிறது என்றால் இதுதான் காரணம். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு உறங்கத்தான் போகிறது, முழுதாக அணைவதில்லை. தொடங்கும்போதே தவறுகிறதென்றால் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த மென்பொருளுக்கு உயர் அனுமதியும் 30 நொடித் தாமதமும் கொடுங்கள்.

தானியங்கி ஓவர்கிளாக் தொல்லைகள்

பழைய பாணி தானியங்கி மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். வேகத்தை ஒரு படி கூட்டும், சில நிமிடம் பாரம் ஏற்றும், தாங்கினால் இன்னொரு படி. கம்ப்யூட்டர் விழுந்ததும் ரீஸ்டார்ட் செய்து ஒரு படி இறக்கி, "வெற்றி" என்று காட்டும். சில நிமிடச் சோதனை, அதுவும் எல்லாக் கோர்களும் முழுப் பாரத்தில் இருக்கும்போது. நிஜத்தில் கம்ப்யூட்டர் பெரும்பாலும் விழுவது பாரம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். இரண்டு மணிநேரம் கேம் ஓடிய கம்ப்யூட்டர், கேமை மூடி டெஸ்க்டாப்புக்கு வந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான்.

ரைசனில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 5600எக்ஸ் தானாகவே ஒரு கோரை 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றும். தானியங்கி மென்பொருள் எல்லாக் கோர்களையும் 4.4க்கு நிலையாகப் பூட்டிவிட்டால், வீடியோ ரெண்டரிங் கொஞ்சம் வேகமாகும், கேமும் பிரவுசரும் முன்பைவிட மெதுவாகும். ஆகவே ரைசனில் நிலையான பெருக்கியைத் தொடாதீர்கள். பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் வழியே போங்கள். லேசான பாரத்தில் 1.4 வோல்ட் காட்டுவதைப் பார்த்துப் பயந்து வோல்டேஜைக் கையால் பூட்டவும் வேண்டாம். கரண்ட் குறைவாக இருக்கும் அந்தக் கணங்களில் அது இயல்பு.

நம்ப வேண்டிய எண் எது? வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரி. கோர் கிளாக் 4,650 என்று பெருமையாகக் காட்டும்போது, முழுப் பாரத்தில் எஃபெக்டிவ் கிளாக் 4,400 என்று இருந்தால், வோல்டேஜ் போதாமல் பிராசசர் துடிப்புகளை இழுத்து நீட்டிச் சமாளிக்கிறது. திரையில் வேகம் கூடும், வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையின் புள்ளி குறையும்.

ரீஸ்டார்ட் ஆனதும் ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் ஒன்று நிச்சயம் இருக்கும். அது, கம்ப்யூட்டர் முறையாக மூடப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஏன் என்று சொல்லாது. அதற்கு அருகில் வன்பொருள் பிழையைப் பதியும் டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 இருக்கிறதா என்று தேடுங்கள். கேஷ் ஹைரார்க்கி எரர் என்றும், கீழே பிராசசர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண்ணும் இருக்கும். எட்டு அல்லது ஆறு கோர் ரைசனில் அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் கோர் கிடைத்துவிடும்: 0, 1 என்றால் கோர் 0, 6, 7 என்றால் கோர் 3. பன்னிரண்டு, பதினாறு கோர் பிராசசர்களில் பிராசசருக்குள் இருக்கும் இரண்டாவது சிப் துண்டின் எண்கள் தள்ளித் தொடங்கலாம் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கோருக்கு மட்டும் கர்வ் ஆப்டிமைசரில் தளர்வு கொடுங்கள். மைனஸ் 25 என்றிருந்தால் மைனஸ் 20 ஆக்குங்கள். ஒரு படி சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட்.

லாக்கில் டபிள்யூஹெச்இஏ எதுவுமே இல்லை, கேம் உச்சத்தில் இருக்கும்போது கம்ப்யூட்டர் அப்படியே அணைந்து தானாக ஆன் ஆகவும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். பாரம் தாங்காமல் அது தன்னைக் காத்துக்கொள்கிறது.

செட்டிங் நிற்கவில்லை என்றால், பயாஸில் கம்பெனி மெனுவிலும் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் மெனுவிலும் பிபிஓ வெவ்வேறாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஆட்டோவில் விடுங்கள். தொடர்ந்து சில தடவை பூட் ஆகாமல் போனால் போர்டு தானாகவே டிஃபால்ட்டுக்குப் போய்விடும். "செட்டிங் அழிந்துவிட்டது" என்பதன் பொருள் பல சமயம் "செட்டிங் தாங்கவில்லை" என்பதுதான். கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் சேர்ந்து மாறியிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை

இவற்றுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 13, 14ஆம் தலைமுறை மேசைப் பிராசசர்களில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதாவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோடையும் (பயாஸ் வழியே பிராசசருக்குள் போகும் திருத்தம்) அடுத்த மாதம் 0எக்ஸ்12பியையும் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. கேமில் ஷேடர் (காட்சி வரையும் சிறு நிரல்) தயாராகும்போது "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று வருவது, பெரிய ஜிப் ஃபைல் விரிக்கும்போது பிழை வருவது, இன்ஸ்டாலர் பாதியில் நிற்பது இதன் அறிகுறிகள். பயாஸை அப்டேட் செய்து இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள். மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் போன்ற கம்பெனி வசதிகளை அணையுங்கள். அவை மின்சார எல்லையையே தூக்கிவிடும். ஏற்கனவே பழுதான சிப்பை மைக்ரோகோடு குணப்படுத்தாது. டிஃபால்ட்டிலும் பிழை தொடர்ந்தால் வாரண்டியில் மாற்றுவதே வழி.

ஏஎம்5 வைத்திருப்பவர்களும் பழைய பயாஸில் இருக்க வேண்டாம். 2023இல் சில எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிய பிறகு, எஸ்ஓசி வோல்டேஜை (பிராசசரில் மெமரியைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் கட்டிய அப்டேட் வந்தது. அப்டேட் செய்யும்போது கரண்ட் போகக்கூடாது. யுபிஎஸ்ஸில் செருகித் தொடங்குங்கள்.

மறுபடி ஏற்றும் வரிசை

இப்போது ஃபேன் அடங்கியிருக்கும், கம்ப்யூட்டர் டிஃபால்ட்டில் ஒழுங்காக ஓடும். ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முதலில் ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ மட்டும். மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று முடியட்டும், ஒரு பிழை வந்தாலும் ஏற்கக்கூடாது. அடுத்து பிபிஓ. 65 வாட் ஏஎம்4 ரைசனின் இயல்பான எல்லை (பிபிடி, டிடிசி, இடிசி என்ற மூன்று செட்டிங்) பெரும்பாலும் 88 வாட், 60 ஆம்பியர், 90 ஆம்பியர்; 105 வாட் ஏஎம்4 ரைசனுக்கு 142 வாட், 95, 140. இந்த எல்லைகளை மதர்போர்டு விருப்பத்துக்கு விடாதீர்கள், முதலில் இயல்பான எண்களையே வைத்து கர்வ் ஆப்டிமைசரை மட்டும் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுங்கள். வெப்பம் இறங்கி, வேகம் தானாகக் கொஞ்சம் ஏறும். சாதாரணப் பயனர் இங்கேயே நிறுத்தினால் நல்லது. 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதல் பூஸ்ட்டையும் மைனஸ் 30ஐயும் சேர்த்துத் தொடங்குபவர்கள்தான் நள்ளிரவு ரீஸ்டார்ட்டில் மாட்டுகிறார்கள்.

சோதனை இப்படி: சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். கோர்சைக்கிளரை இரவு முழுக்க ஓடவிடுங்கள்; அது ஒவ்வொரு கோராகச் சோதிப்பதால் கர்வ் ஆப்டிமைசரின் பலவீனம் அங்கேதான் வெளிப்படும். பிறகு சும்மா ஓர் இரவு ஆனில் விடுங்கள், நான்கைந்து தடவை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், காலையில் குளிர்ந்த நிலையில் ஆன் செய்து பாருங்கள்.

வெப்ப எல்லை பிராசசருக்குப் பிராசசர் வேறு: 5600எக்ஸுக்கு 95 டிகிரி, 5800எக்ஸுக்கு 90, 7800எக்ஸ்3டிக்கு 89, இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக்கு 100. 7950எக்ஸ் முழுப் பாரத்தில் 95ஐத் தொட்டு நிற்பது ஏஎம்டி வடிவமைத்தபடியே நடப்பது, கூலர் கெட்டதால் அல்ல. மற்றவற்றில் உச்சத்துக்கு ஏழெட்டு டிகிரி இடைவெளி விடுங்கள். நம் ஊரில் இன்னொரு கணக்கும் சேர்க்க வேண்டும். மார்கழியில் 26 டிகிரி அறையில் 78 காட்டிய பிராசசர், அதே வேலைக்குக் கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 90ஐ ஒட்டி வரும். குளிர்காலத்தில் வைத்த அட்டவணையைச் சித்திரையில் ஒருமுறை திறந்து பாருங்கள், அதற்கு முன் ஹீட்சிங்கின் தூசியையும் தட்டிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக ஓடும் நாளில் பயாஸில் புரொஃபைலாகச் சேமியுங்கள். பயாஸ் பதிப்பு மாறினால் அந்தப் புரொஃபைல் பல போர்டுகளில் ஏறாது. எனவே ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவைச் செருகி, நீங்கள் மாற்றிய ஒவ்வொரு பக்கத்திலும் எஃப்12 தட்டுங்கள்; பெரும்பாலான போர்டுகளில் அந்தத் திரை படமாகப் பென் டிரைவில் விழுந்துவிடும். அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு அதைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் மறுபடி வைத்துவிடலாம்.